பச்சைச் சீட்டில் எண்பத்திரண்டு

காலை ஏழு மணிக்குக் குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் வரும் நேரம் ஜெயகணேஷ் பின்பக்கம் நின்று பல் துலக்கிக்கொண்டிருப்பான். அன்றும் அப்படித்தான். நெய்வேலி பதினேழாம் பிளாக்கில் இருக்கும் அந்த வீடு அவன் மனைவி சண்முகப்ரியாவின் பேரில் கிடைத்தது. அவள் சுரங்க அலுவலகத்தில் பர்மனென்ட். அவன் குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு தனியார் விதைக் கம்பெனியில் முளைப்புச் சோதனை பார்ப்பவன்.

பார்ப்பவன் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. ஈரத்தாளில் நானூறு நெல்லைப் பரப்பி, பதினாலாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ண வேண்டும். நூற்றுக்கு எண்பது முளைத்தால்தான் மூட்டையில் பச்சைச் சீட்டு தைக்கலாம். நாலு வருஷத்துக்கு முன் முதலாளி ஒரு பழைய சரக்கைக் காட்டி, "எண்பத்திரண்டுன்னு போடுப்பா" என்றபோது அவனுக்குக் கை நடுங்கியது. இப்போது நடுங்குவதில்லை. தாளை நனைப்பதுகூட இல்லை. டீ வருவதற்குள் பத்துச் சரக்குக்கு எண்பத்திரண்டு போட்டுவிடுவான். சலிப்புத் தட்டினால் எண்பத்து மூன்று.

துவைக்கிற கல்லின் ஓரம் ஈரத்துணி முடிச்சு ஒன்று இருந்தது. வீட்டு வேலை செய்யும் சாமியம்மாள் பாத்திரத்தை வைத்துவிட்டு அதை எடுத்தாள்.

"நெல்லுங்க சார். நூறு எண்ணி முடிஞ்சி வச்சன். எங்க ஊரு கொழாயில காத்துதான் வருது. அதான் இங்க வச்சி நாலு நாளா நனைச்சிக்கினு இருக்கன்."

கூலிக்கு நட்டும் அறுத்தும் காலம் தள்ளிய குடும்பம் அவளுடையது. 2016ஆம் வருஷம் அது. அந்த வருஷம்தான் முதல் முறையாக ஒரு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். ஐப்பசியில் ஒரே ஒரு மழை பெய்தது. அந்த ஈரத்தை நம்பி, உழுத புழுதியில் பாதி நிலத்துக்கு மட்டும் விதைத்தாள். அப்புறம் வானம் வாயே திறக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்ததும் விரல்கடை உயரத்தில் கருகிப்போனது. மீதிப் பாதி மூட்டை வீட்டில் இருக்கிறது. அடுத்த மழை எந்த நாள் பெய்தாலும் அன்றே விதைத்தாக வேண்டும். அதுவும் தவறினால் இந்த வருஷம் நெல் இல்லை. நிலத்துக்காரர் அடுத்த வருஷம் அவளிடம் நிலத்தைக் கொடுக்கப்போவதும் இல்லை.

"பக்கத்துக் கொல்லையில பாதிப் பயிராச்சும் நிக்குதுங்க. அவுங்களுக்கும் அதே மழதான். எனக்குக் கை ராசி இல்லன்னு எங்க வூட்டுக்காரு சொல்றாரு. நீங்க வெத கம்பெனியில இருக்கறவரு. எண்ணிப் பாத்துச் சொல்லுங்க சார், மீதியையும் வெதைக்கலாமா?"

மூட்டையிலிருந்து பிரித்துப் பத்திரமாக வைத்திருந்த சீட்டையும் நீட்டினாள். அவன் கம்பெனிச் சீட்டு. முளைப்பு எண்பத்திரண்டு.

நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தான். படபடக்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்து எண்ணினான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக எண்ணினான்.

நாற்பத்தொன்று. அவற்றிலும் பாதி வெளிறிப்போய், நூல் மாதிரி கிடந்தன.

"மழ நல்லா புடிச்சா வந்துரும் இல்லைங்களா?" என்று கேட்டாள் சாமியம்மாள்.

"வந்துரும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வராவிட்டால் பழி வானத்தின்மேல் போய்விடும். இந்த நாலு வருஷத்தில் எத்தனை வயல் இப்படிக் காய்ந்ததோ, எத்தனை பேர் வானத்தைத் திட்டினார்களோ என்று அப்போதுதான் நினைத்தான். நினைப்பு வந்தது; வலி வரவில்லை. மரத்துப்போன காலில் முள் ஏறினால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"விதைக்காதீங்க அக்கா" என்றான். "நல்ல நெல்லுன்னா நாலு நாள்லயே முக்கால்வாசி முளைச்சிடும், இதுல நாப்பத்தொண்ணுதான். நல்ல விதைன்னா, கொஞ்ச ஈரம் கிடைச்சாலும் முதல்ல வேரைக் கீழ விட்டுடும். மேல் மண்ணு காஞ்சாலும் அடியில இருக்கற ஈரத்துல தாக்குப்பிடிக்கும். இது பழைய நெல்லு. வேர் இறங்கறதுக்குள்ள மண்ணு காஞ்சிடும். நூத்துக்குப் பத்துகூடத் தேறாது. உங்க கை ராசியில ஒண்ணும் இல்ல."

"சீட்டுல எம்பத்திரெண்டுன்னு போட்டுருக்கே?"

"அதைப் போட்டது நான்தான். எண்ணாமப் போட்டேன்."

சமையலறைச் சன்னலில் நின்ற சண்முகப்ரியா, "உங்க வேலை போயிடும்ங்க" என்றாள் மெதுவாக.

சாமியம்மாள் கத்தவில்லை. முளைத்ததையும் முளைக்காததையும் ஒன்றாகச் சேர்த்துத் துணியில் முடிந்தாள்.

"மழ இல்லன்னா தாங்கிக்கலாம் சார், அது யாரையும் ஏமாத்தல. மூணு வாரமா என் கையையே நான் திட்டிக்கினு இருந்தன். எண்ணாம கையெழுத்துப் போட்டா போடறவங்களுக்கு ஒண்ணும் ஆவறதில்ல. ஆவறதெல்லாம் அங்க கொல்லையில ஆவுது. பேனா புடிக்கறவங்க அதத் தெரிஞ்சிக்கினு புடிக்கணும்."

அவன் சீட்டை வாங்கித் திருப்பினான். பின்பக்கத்தில் 'நாற்பத்தொன்று' என்று எழுதத் தொடங்கினான். "கடையில காட்டி மாத்தித் தரச் சொல்லுங்க. மாட்டேன்னா வேளாண்மை ஆபீசுக்குப் போகலாம், நானும் வர்றேன்."

"எங்க ஊருல பதினோரு பேரு வாங்கிருக்காங்க."

"எல்லார் சீட்டையும் எடுத்துட்டு வாங்க. நெல்லும் ஒரு பிடி வேணும். எண்ணித்தான் போடணும்."

கீழே தன் பெயரை எழுதும்போது அவன் கை நடுங்கியது. சாமியம்மாள் அதைப் பார்த்தாள்.

"மெதுவாவே எழுதுங்க சார்" என்றாள். "நாலு பேரு படிக்கற மாதிரி இருக்கட்டும்."