துடுப்பில் வைத்த காது

“காதை எடுக்காதீங்க! துடுப்புலயே வைங்க!”

கயிற்றைச் சரசரவென்று ஆற்றுக்குள் விட்டபடி கத்தினாள் மயிலம்மாள். எதிரே, அதே பரிசலில் மண்டியிட்டு, தண்ணீரில் செருகிய துடுப்பின் பிடியில் காதை ஒட்டிவைத்திருந்தார் குருமூர்த்தி. மணல் உறிஞ்சும் மிஷின் படகின் முதலாளி.

கரையில் மோகனூரே திரண்டிருந்தது. கல்லூரி ஆசிரியை சுகன்யா கூட்டிய கூட்டம். “தண்ணிக்குள்ள சத்தம் காத்துல போறதைவிட வேகமாப் போகும். மிஷின் இரைச்சல்ல மீனே திசை தப்பும். மனுசன் கூப்பிட்டா எப்படிங்க கேக்கும்?” என்று சற்று முன் அவள் மைக்கில் கேட்டதுதான் தாமதம், கரையில் நின்ற குருமூர்த்தி சிரித்தார்.

“எல்லாம் கேக்கும். அன்னைக்கு இவ தூங்கிட்டா! என்ற மிஷின் ஓடட்டும், நானே கேட்டுக் காட்டறேன்!”

அன்னைக்கு என்றால், ஆற்றடியில் சிக்கிய வலையை விடுவிக்க மூழ்கிய மயிலம்மாளின் புருசன் செங்கோடன் மேலே வராத நாள். மூழ்குகிறவன் அடியில் கல்லோடு கல்லை மூன்று முறை தட்டுவான். பரிசலில் இருப்பவள் அதைத் துடுப்பு வழியே கேட்டுக் கயிற்றை இழுப்பாள். மயிலம்மாளுக்கு அன்று கேட்டது மிஷின் மட்டும்தான். புருசனைத் தூங்கியே கொன்றவள் என்று ஊர் பேசியது. பேச வைத்தவர் குருமூர்த்தி.

“உள்ள யாரு?” என்றார். அவர் துடுப்போடு மல்லாடுகையில், முதுகுக்குப் பின்னால் தொப்பென்று ஏதோ விழுந்தது மட்டும் அவருக்குத் தெரியும்.

“என்ற கொழுந்தன் சின்னானுங்க. அவன் உசுரு இப்ப உங்க காதுலதான் இருக்குதுங்க சாமி.”

மிஷின் உறுமியது. துடுப்பு அதிர்ந்து அவர் பல்லையே ஆட்டியது. நெற்றியில் வேர்வை. கரையைப் பார்த்தார். ஊரே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மூச்சு தீர்ற நேரமுங்க” என்றாள் மயிலம்மாள், தாலாட்டுகிற குரலில்.

“கேட்டிருச்சு! மூணு தட்டு! இழு!”

“நெசமாவுங்களா?”

“என்ற புள்ளை மேல சத்தியமா! தெளிவாக் கேட்டுச்சு. உனக்கும் அன்னைக்குக் கேட்டிருக்கும், தூங்குமூஞ்சி!”

அவர் காலரில் சுகன்யா மாட்டிவிட்ட மைக், ஒரு சொல் விடாமல் அத்தனையையும் கரை முழுக்க ஒலித்தது.

மயிலம்மாள் சிரித்தாள். நிதானமாக, கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றை இழுத்தாள். நுனியில் ஆட்டுக்கல் ஒன்று வந்தது.

கரையில் ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

“முதலாளி! சின்னான் பேசறனுங்க. நான் மேடையிலதானுங்க நிக்கறேன். இன்னைக்குக் காலே நனைக்கலீங்க!”