கட்டாயமில்லாத அத்தியாயம்

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. அத்தான் இறந்து, துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போய், வாடகை நாற்காலிகள் மட்டும் கூடத்தில் கிடந்த ஒரு பிற்பகலில் அக்கா சொன்னாள்:

"என்னென்னமோ எழுதுறே. இதையும் எழுதேன்டா."

"எதை?"

"கேஸை. அந்த ஒரு வரியை. அவரை." ஒரு நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு, "அவரை ரொம்ப நல்லவரா எழுதிடாதே. எனக்கே அடையாளம் தெரியாமப் போயிடும்" என்றாள்.

சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "பல நாடுகளைப் போல அந்த நாட்டுக்கும் ஓர் அரசியல் சாசனம் இருந்தது. அதில் குடிமக்களின் உரிமைகளுக்கு ஓர் அத்தியாயம். அரசுக்கான வழிகாட்டு நெறிகளுக்கு இன்னோர் அத்தியாயம். முதல் அத்தியாயத்தில் உள்ளது பறிபோனால் நீதிமன்றம் போகலாம். இரண்டாவதில் உள்ளது"

(பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் நீக்கவில்லை, இது தெரியாமல் மேலே போனால் கதை புரியாது. இரண்டாவது அத்தியாயத்தில் வேலை, கூலி, வைத்தியம், முதுமை என்று நல்லதெல்லாம் இருக்கும். கூடவே, இவை ஆட்சிக்கு அடிப்படையானவை, ஆனால் எந்த நீதிமன்றமும் இவற்றை நிறைவேற்றச் சொல்லி உத்தரவிட முடியாது என்று ஒரு பிரிவும் இருக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: "கல் தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது என்பது அத்தானுக்கு"

இதையும் நிறுத்திவிட்டேன். இருமலோடு அறிமுகமாகிற மனிதரை வாசகர்கள் முதல் பக்கத்திலேயே புதைத்துவிடுவார்கள். அத்தான் அதற்கு முன்னால் வெகுகாலம் ஆரோக்கியமாக, சத்தமாக, பலருக்குத் தொல்லையாக வாழ்ந்தவர்.

3

ஆகவே அக்காவிலிருந்து தொடங்குகிறேன்.

சாசனம் எழுதப்பட்ட காலத்தில் அக்கா சாசன சபைச் செயலகத்தில் தட்டச்சர். கல்யாணமாகி அதிக நாளாகவில்லை. வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு டைப்ரைட்டர். ஒரு சொல் பிசகினால் கீழே இருக்கும் கார்பன் பிரதிகளிலும் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். ஒருநாள் வரைவுக் குழுவின் செயலாளர் ஒரு பக்கத்தோடு அவளிடம் வந்தார். உரிமைகள் அத்தியாயத்தில் ஒரு வரியைப் பென்சிலால் வளைத்திருந்தார்: 'வேலையால் உடல் கெட்டவர்களை அரசு பராமரிக்கும்.'

"இது இங்க வேண்டாம்மா. நெறிகள் அத்தியாயத்துல சேர்த்துடுங்க. 'பராமரிக்கும்'ங்கறதை 'பராமரிக்க முயலும்'னு மாத்திடுங்க."

"ஏன் சார்?"

"அங்க போகலேன்னா எங்கயுமே இருக்காது. உள்ள அடிச்சுக்கறாங்க." அவர் முகத்தில் தூக்கமே இல்லை என்று அக்கா சொல்கிறாள்.

(இந்த இடத்தில் 'அவள் விரல்கள் நடுங்கின' என்று எழுதியிருந்தேன். அக்காவிடம் கேட்டேன். "நடுங்கறதா? ரெண்டு பக்கத்தையும் திரும்ப அடிக்கணுமேன்னு எரிச்சலா வந்துச்சு" என்றாள். அந்த வரியை நீக்கிவிட்டேன்.)

அன்று மாலை அத்தானிடம் சொன்னாள். அவர் கல் அறுத்து மெருகேற்றும் பட்டறையில் வேலை பார்த்தார். புருவம்கூட வெள்ளையாகத்தான் வீடு திரும்புவார். கேட்டதும் பிரமாதமாகச் சிரித்தார்.

"முயற்சி பண்றேன்னு ஒரு அரசாங்கமே சொல்லுதுல்ல? எங்க மேஸ்திரி இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்லையே!"

மறுநாள் பட்டறை முழுக்க இதே பேச்சு. சாசனத்தில் நம்மைப் பற்றி எழுதியிருக்கிறது, என் பொண்டாட்டிதான் டைப் அடித்தாள்.

4

வருடங்களைத் தாண்டுகிறேன். என் முதல் வரைவில் அத்தான் சிகரெட் பிடிக்காதவர். அதைப் படித்துவிட்டு அக்கா தாளைத் திருப்பித் தந்தாள்.

"சிகரெட் எங்கடா?"

"அதைப் போட்டா, அதனாலதான் போனாருன்னு சொல்லிடுவாங்கக்கா."

"கோர்ட்லயும் அதைத்தான் சொன்னாங்க. இருக்கட்டும், போடு. கத்துவாரு, அதையும் போடு."

போடுகிறேன். அத்தான் சிகரெட் பிடித்தார். மூச்சு வாங்கத் தொடங்கியபின் அந்தக் கோபத்தையெல்லாம் அக்கா மேல் காட்டினார். ஒருமுறை தட்டு பறந்தது. அப்புறம் அதுவும் நின்றது. "கத்தறதுக்கே மூச்சில்லாமப் போனப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு" என்றாள் அக்கா.

அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்வரை ஆக்சிஜன் உண்டு. கட்டில் வேறு ஆளுக்கு வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஆக்சிஜன் கிடையாது. நீலம் பாரித்ததும் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வீடு. எதிர்வீட்டுப் பெண் அப்போதுதான் வக்கீலாகியிருந்தாள். அத்தானை இப்படித் தூக்கிக்கொண்டு போவதைப் படியில் நின்று பார்த்தவள் ஒருநாள் உள்ளே வந்தாள்.

"அரசாங்கம் வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் தரணும்னு கேட்போம் அங்கிள். நெறிகள் அத்தியாயத்துல வரி இருக்கு. அதை மட்டும் காட்டினா தள்ளிடுவாங்க. ஆனா உயிர்வாழற உரிமை முதல் அத்தியாயத்துல இருக்கே? ரெண்டையும் சேர்த்துப் படிங்கன்னு கேட்போம்."

"அந்த வரி இவ அடிச்சது" என்றார் அத்தான். இன்னமும் பெருமைதான்.

5

நீதிபதியைக் கொடூரமானவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். அவர் அப்படி இல்லை. மனுவை முழுதாகப் படித்திருந்தார். அரசு வக்கீல் சிகரெட்டைப் பற்றிப் பேசியபோது முகம் சுளித்தார். வாதத்தின் நடுவே அத்தானுக்கு இருமல் வந்தது. அது முடியும்வரை எல்லாரையும் காத்திருக்கச் சொன்னார். அத்தான் உட்கார நாற்காலி போடச் சொன்னார். ஊழியர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார்.

பிறகு நீதிபதி தீர்ப்பைச் சொன்னார். மனுதாரர் நிலை மனதை வருத்துகிறது. இந்த நெறி மிக உயர்ந்தது. ஆனால் உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துப் படித்தாலும், இதை நிறைவேற்றச் சொல்ல இந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை. அரசு பரிவோடு பரிசீலிக்கும் என்று நம்புகிறோம்.

அந்தக் கட்டடத்தில் அத்தானுக்குக் கிடைத்தது அந்த நாற்காலி ஒன்றுதான். அவருக்கு அதிலிருந்து எழுந்திருக்க மனம் வரவில்லை. அடுத்த வழக்குக்காரர்கள் வந்து நின்ற பிறகும் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும், "நல்ல மனுஷன்தான்" என்றார் நீதிபதியைப் பற்றி. பிறகு அக்காவைப் பார்த்து, "'முயலும்'னு நீ அடிக்காம விட்டிருந்தா?" என்று கேட்டார்.

"வேற யாராவது அடிச்சிருப்பாங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தது மூச்சில்லாததாலா, வேறு எதனாலாவதா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

6

அத்தான் அந்த மழைக்காலத்தில் இறந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே.

(அவர் இறந்த மறுநாள் மெஷின் வாசலில் வந்து இறங்குவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கண்ணீர் வரவழைக்கும். நடந்தது அதுவல்ல. எதுவும் வரவில்லை, தாமதமாகக்கூட.)

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேல்முறையீடு போட்டிருந்தார்கள். வக்கீல் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அங்கிள் இல்லாததால மெஷின் கேட்டது செல்லாது ஆன்ட்டி. அதே நோய் இருக்கற இன்னொரு தொழிலாளி மனுவுல சேர்ந்தா கேஸ் நிக்கும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை மூடிடுவாங்க."

அக்கா பட்டறைக்காரர்கள் வீடுகளுக்குப் போனாள். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், யாரும் சரி சொல்லவில்லை. கடைசியாக, பட்டறையில் எல்லாரும் 'மொட்டை' என்று கூப்பிடுபவரின் வீட்டுக்குப் போனாள். அத்தானோடு ஒரே கல்லறுக்கும் மெஷினில் வேலை பார்த்தவர். சீட்டாட்டத்தில் வந்த சண்டையில் பேச்சை நிறுத்தி, சாவுக்கும் வராதவர். கதவைத் திறந்தவுடனே இருமினார். அக்காவுக்கு அந்த இருமல் நன்றாகத் தெரியும்.

சொன்னதையெல்லாம் கேட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "கையெழுத்துப் போட்டா நாளைக்கே வேலையை விட்டுத் தூக்கிடுவான். அப்புறம் யாரு சோறு போடுவா, சாசனமா?"

மொட்டை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வெள்ளிக்கிழமைதானே? பாக்கறேன் அண்ணி" என்றார்.

7

மொட்டை வந்தார் என்று ஒரு முடிவு எழுதி அக்காவிடம் காட்டினேன்.

"இதை எடுத்துடு."

"ஏன்? வரலாம்ல?"

"வரலாம். வந்துட்டாருன்னு நீ எழுதினா படிக்கறவங்க நிம்மதியாயிடுவாங்க. வரலேன்னு எழுதினா அழுதுட்டு மறந்துடுவாங்க. இன்னிக்குப் புதன்கிழமைதான்டா ஆகுது."

எடுத்துவிட்டேன். இனி என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை காலை மழை இருக்கும். அக்கா நீதிமன்றப் படிகளின் கீழே நிற்பாள். வழக்கைக் கூப்பிடப் போகிறார்கள் என்று வக்கீல் பெண் மேலிருந்து கைகாட்டுவாள். தெருத் திருப்பத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், எல்லார் தலைக்கு மேலும் குடை. அக்கா ஒவ்வொரு குடைக்குள்ளும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.