ஒரு போத்தல் முகில்

போத்தலைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டையும் தங்கச்சி சிவநேசத்தின் வாய்க்குள் விட்டு, "சிவ சிவா" என்று பேரின்பநாதன் முடித்த பிறகுதான் அவளுடைய மகள் சாம்பவி அறைக்குள் வந்தாள்.

"ஐயோ மாமா! அது தீர்த்தமில்லை."

அவர்தான் என்ன செய்வார், பாவம். இந்தக் குளிர்தேசத்து லாசாலில் ஒரு தமிழ் வீட்டு பிரிட்ஜில், மெழுகு வைத்து மூடி, ஒருவரையும் தொடவிடாமல் வருடக்கணக்காக ஒரு போத்தல் தண்ணீர் இருந்தால், அது காசித் தீர்த்தமில்லாமல் வேறென்ன? சாகக் கிடக்கிறவளின் வாயில் விடாமல் அதை வேறெங்கே விடுவது?

அது சிவநேசம் ஊரிலிருந்த காலத்தில் ஹோட்டன் சமவெளி மலைக்காட்டில் வலை கட்டி, சொட்டுச் சொட்டாகப் பிடித்த முகில். கடற்காற்று உப்பை அள்ளிக்கொண்டு மலையேறுகிறது, முகிலோடு இலைகளில் படிகிறது, மழை கழுவிப் போன மண் கொடுக்காத சத்தை மரங்கள் அதிலிருந்தும் எடுக்கின்றன என்று காட்ட முனைந்தவள் அவள். இனக்கலவரத்தில் ஆராய்ச்சி முழுக்கப் போய், மிஞ்சியது அந்தப் போத்தல்தான். இங்கே வந்து, சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் குளிசை அடைத்தாள். பனிக்காலத்தில் உறைபனி உருகத் தெருவுக்கு உப்புப் போடும் லொறி வந்தால் பேரின்பநாதன் ஜன்னலடியில் நின்று கூப்பிடுவார்:

"நேசம், ஓடிவா! உன்ரை ஆராய்ச்சி போகுது!"

வீடே சிரிக்கும். அவளும் சிரிக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"இப்பத்தான் யூனிவர்சிட்டியிலை சோதிச்சுப் பாக்கிறம் எண்டவை," என்று சாம்பவி வெறும் போத்தலை வாங்கிக்கொண்டாள். அன்று பின்னேரம் சிவநேசம் போய்விட்டாள்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அவர் ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார். வாயிலை விட்டது எதெண்டு அவவுக்கு விளங்கியிருக்குமோ?

"மேலையிருந்து வந்த தண்ணிதானே அண்ணை, அதுவும் தீர்த்தம்தான்," என்றார் உறவினர் சீனித்தம்பி.

"மாமிக்கு நினைவே இல்லை. நீங்கள் முதல்லை கோப்பியைக் குடியுங்கோ," என்றாள் அவருடைய மருமகள் லோஜினி.

சாம்பவி வெளியே, வாசற்படியில் தனியாக நின்றாள். அவர் மேல்கோட்டுக்கூடப் போடாமல் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, நீயாவது உண்மையைச் சொல்லு. அவவுக்கு விளங்கினதோ?"

"ஓம்."

அவர் தலையை ஆட்டினார். பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

"ஏதும் சொன்னவாவோ?"

"நீங்கள் ஐயருக்கு போன் எடுக்க வெளியிலை போன நேரம் சொன்னவா."

"என்னவாம்?"

சாம்பவி அவரை நேரே பார்த்தாள்.

"'அண்ணை அதையும் பகிடியாக்கிப்போட்டார்' எண்டவா. பேந்து கதைக்கேல்லை."

தெருவில் உப்பு லொறி வந்தது. தெறித்த உப்பு படியேறி அவருடைய சப்பாத்தில் விழுந்தது. அவர் காலை எடுக்கவில்லை.