சிவப்புக்குச் சிவப்பு

முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் ஒரு கம்பியைக்கூட மாற்றி மாட்டாதவர் ஃபோர்மேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. மின்நிலையத்தில் இடி விழுந்து ஊரே இருண்ட அன்றும், இருட்டில் மோந்து பார்த்தே சிவப்புக் கம்பியைக் கண்டுபிடித்தார் என்று அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். கல்யாணத்தன்று சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றாரே என்று மனைவி கேட்டால், அதில் மின்சாரம் ஓடவில்லையே என்பார்.

அவருடைய அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒலிபெருக்கியில் 'புறப்படத் தயாராக உள்ளது' என்று சொன்னால், டயர் பஞ்சராகிக் கிடக்கும் பேருந்துகூட வெட்கப்பட்டு ஓரடி நகர்ந்துவிடுமாம். இப்போது அந்தக் குரல் நூலகத்துக்கு வந்திருந்தது. சனிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு, பார்வை போன இருபத்தைந்து பேருக்கு நூலகக் கூடத்தில் ஒரு பெரிய நாவலை வாசித்தார். வாரம் முழுக்க அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் அக்கா வெந்நீர் குடித்துத் தொண்டையைக் காத்துவந்தார்.

கெடுத்தது கூடத்துச் சுவரில் தொங்கிய இரண்டு தகரக் கூம்பு ஒலிபெருக்கிகள். ஒருநாள் அக்கா, 'கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான்' என்று வாசித்தார். கூம்பு அதைப் 'படித்துவிட்டு எரித்தான்' என்று விநியோகம் செய்தது. இருபத்தைந்து பேரும் ஒரு வாரம் அந்தக் கடிதத்துக்காகத் துக்கம் காத்தார்கள். அடுத்த வாரம் கதாநாயகன் அதே கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்ததும் கூடத்தில் ரகளை. வாசிக்கிற அம்மா நடுவில் பக்கத்தை முழுங்கிவிட்டார் என்று புகார் போயிற்று.

நூலகச் செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். ஹெட்ஃபோன் என்கிற காதுமாட்டி ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்து, கணினியை வாசிக்கவிடலாம் என்று தீர்மானம் எழுதிவிட்டார். அக்கா சண்டை போடவில்லை. நேரே தம்பி வீட்டுக்கு வந்து, காபியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் குரல் வேணாமாம்டா. மெஷின் தெளிவாப் பேசுதாம்."

அக்கா காபியை ஆறவிட்டு ஃபோர்மேன் பார்த்ததில்லை. கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு அடுத்த பேருந்தை அறிவிக்கப் போகிறவர் அவர். ஃபோர்மேன் உடனே செயலாளரைப் போய்ப் பார்த்தார். குறை குரலில் இல்லை, கூம்பில் என்றார். நானே ஸ்பீக்கர் செய்து கொண்டுவருகிறேன், பத்து நாள் கொடுங்கள், அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார். செயலாளர் தலையாட்டினார். இவர் நின்ற நிற்பைப் பார்த்தால் சுவரும் தலையாட்டியிருக்கும்.

ஒட்டுப்பலகையில் இரண்டு பெட்டிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் மனைவியின் தோள் உயரம். அதில் ஒளிந்துகொண்டால் வரி வசூலிக்க வருகிறவர்கூடக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று ஸ்பீக்கர்: அடிக்குரலுக்குச் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒன்று, நடுக்குரலுக்குக் காபி டபரா அளவில் ஒன்று, கீச்சுக்குரலுக்குச் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்று. இந்த மூன்று பேருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் கிராஸ்ஓவர். சின்னதன் தலையில் அடிக்குரலைக் கட்டினால் அது செத்துப்போகும். பெரியதிடம் கீச்சுக்குரலைக் கொடுத்தால் அது கொட்டாவி விடும். கம்பிச்சுருள் கனமான ஒலியை விடும், மெல்லியதைத் தடுக்கும். கப்பாசிட்டர் அதற்கு நேர் எதிர். எந்த இடத்தில் யார் விட்டு, யார் வாங்கிக்கொள்வது என்று கணக்குப் போட்டு இரண்டையும் கோக்க வேண்டும்.

சுருள்களைக் கடையில் வாங்க ஃபோர்மேனின் மானம் இடம் கொடுக்கவில்லை. மனைவியின் சப்பாத்திக் கட்டையை எடுத்துத் தாமிரக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். பெரிய சுருளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு சுற்று. நடுவில் யாராவது வாய் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். மூன்று நாள் அந்த வீட்டில் மனிதப் பேச்சே இல்லை. குழாய் ரிப்பேர்காரர் வந்து, என்ன கேட்டாலும் எல்லோரும் கையைக் காட்டுவதைப் பார்த்து, ஏதோ இழவு வீடு என்று நினைத்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

இணைப்புப் படம் அதே நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடித்த புத்தகத்தில் இருந்தது. அதில் நடு ஸ்பீக்கருக்கு மட்டும் கூட்டல் குறி கீழேயும் கழித்தல் குறி மேலேயும் அச்சாகியிருந்தன. அச்சுப் பிழை என்று ஃபோர்மேனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. சிவப்புப் பென்சிலை எடுத்து இரண்டையும் திருத்தி, ஓரத்தில் 'கவனக்குறைவு' என்றும் எழுதினார். இத்தனை பெரிய புத்தகம் போடுகிறவர்கள் ஒரு நல்ல ஃபோர்மேனை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று மனைவியிடம் வருத்தப்பட்டார்.

புதன்கிழமை காலை முதல் சோதனை. அக்கா சமையலறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசிக்க, முன்னறையில் பெட்டிகள் பேசின. குரல் வந்தது. அடேயப்பா, என்ன குரல்! பசு நெய் ஊற்றியது போல, இருபது வருடம் இளமையானது போல ஒரு குரல். ஆனால் சொற்களின் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. சாவி ஆவியாயிற்று. சந்தை அந்தையாயிற்று. அக்காவை உட்காரவைத்து அவர் வாசித்ததைப் பதிவுசெய்து போட்டுக் காட்டினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பழைய தகரத்துல பல்லும் இல்ல, குரலும் இல்ல. இதுல குரல் இருக்கு, பல்லக் காணோம்."

ஃபோர்மேன் சுருளில் பத்துச் சுற்றுக் கழற்றினார். பல் வரவில்லை. இருபது சுற்றுச் சேர்த்தார். இருந்த ஈறும் போயிற்று. கப்பாசிட்டரை மாற்றினார், அதை எதிர்ப்பக்கம் நகர்த்தினார், பெட்டிக்குள் பஞ்சைத் திணித்தார், பிடுங்கினார். வீடெல்லாம் பஞ்சு பறந்து, மனைவி குழம்புக் கரண்டியால் அதைத் துரத்திக்கொண்டிருந்தார். வியாழன் சாயங்காலம் அக்கா வந்து, போதும்டா, விட்டுடு, உனக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு என்றார். ஃபோர்மேன் அடுத்த கப்பாசிட்டரை எடுத்தார். விடுகிற ஆளாக இருந்தால் இருட்டில் கம்பியை மோந்திருப்பாரா?

வெள்ளிக்கிழமை காலை மனைவியை அழைத்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எதிரே காதை வைக்கச் சொன்னார். மற்றதைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் பாடவிட்டார். பெரியது சரி. நடுவாந்திரம் சரி. சின்னதும் சரி, ஊசி போலப் பேசியது. மூன்றையும் சேர்த்தார். பல் போயிற்று.

"தனித்தனியா நல்லாத்தான் பேசறாங்க. சேர்ந்தாத்தான் பேச்சு நின்னுபோகுது," என்றார் மனைவி. "உங்க வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்குங்க."

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அலை அலையாக வரைய ஆரம்பித்தார். நடுவாந்திரமும் சின்னதும் வேலையைக் கைமாற்றிக்கொள்கிற அந்த ஓர் இடத்தில் என்ன நடக்கிறது? சுருள் நடுவாந்திரத்தை அலையில் கால் சுற்றுப் பின்தங்க வைக்கிறது. கப்பாசிட்டர் சின்னதைக் கால் சுற்று முந்த வைக்கிறது. ஆக மொத்தம் அரைச் சுற்று. ஒருவன் காற்றைத் தள்ளுகிற அதே நொடியில் மற்றவன் இழுக்கிறான். ஒரே கதவை உள்ளே நின்று ஒருவரும் வெளியே நின்று ஒருவரும் தள்ளினால் கதவு எங்கே திறக்கும்? அந்தச் சந்தில்தான் அக்காவின் 'ச' அகப்பட்டுத் தவித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரே வைத்தியம், நடுவாந்திரத்தின் இரண்டு கம்பியை மாற்றி மாட்டுவது. அப்போது இரண்டு பேரும் ஒரே பக்கம் தள்ளுவார்கள். பெரியதோடு இருந்த தகராறும் அதிலேயே தீர்ந்துவிடும்.

புத்தகம் அதைத்தான் சொல்லியிருந்தது. இவர்தான் அதைத் திருத்தியிருந்தார்.

ஃபோர்மேன் அழிரப்பரைத் தேடி எடுத்து, சிவப்பைத் தேய் தேய் என்று தேய்த்தார். 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் அழிக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் தேய்த்தார். புத்தகம் ஒரு சுற்று இளைத்துவிட்டது.

சால்டரிங் கம்பியைச் சூடாக்கிக்கொண்டு பெட்டியின் பின்னால் போனவர் பத்து நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை. மனைவி எட்டிப் பார்த்தார். சிவப்புக் கம்பி அவர் கையில் இருந்தது. கறுப்புக்கு உரிய தகட்டின் பக்கத்தில் கொண்டுபோவதும், கை தானாகத் திரும்பி வருவதுமாக இருந்தது. முப்பத்தாறு வருடம் பழகிய கை, யார் சொன்னாலும் கேட்காது, சொந்தக்காரர் சொன்னாலும் கேட்காது.

"கை வர மாட்டேங்குது," என்றார். "நீயே மாட்டு."

"நானா? எனக்கு என்னங்க தெரியும்?"

"தெரியாததுனாலதான் சொல்றேன்."

மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்பைக் கறுப்பில், கறுப்பைச் சிவப்பில் வைத்து, அவர் சொன்னபடி ஈயத்தை ஒழுகவிட்டார். இரண்டு பெட்டிக்கும் அதே மாதிரி. ஃபோர்மேன் அதுவரை சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார், யாருக்கோ ஊசி போடும்போது நிற்பது போல. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு தப்பைச் செய்ய அவர் தன்னை அனுமதித்தது இதுதான் முதல் தடவை என்று மனைவி பிற்பாடு தெரு முழுக்கச் சொல்லிவந்தார்.

அக்காவை வரவழைத்தார்கள். சமையலறையிலிருந்து கடித வாக்கியத்தையே வாசித்தார். முன்னறையில் அந்தக் கதாநாயகன் அழுத்தம் திருத்தமாகச் சிரித்தான். ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த தபால்காரர் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை பெட்டிகளைக் கூடத்துக்கு ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள்; ஃபோர்மேன் கணக்கில் பதினான்கு பேர். செயலாளர் காதுமாட்டிகள் நிறைந்த அட்டைப் பெட்டியை மேஜைமேல் தயாராக வைத்திருந்தார். ஃபோர்மேன் பின்வரிசையில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் போய் நின்றார். விட்ட இடத்திலிருந்து அக்கா வாசிக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் போயிற்று. இரண்டு பக்கம். யாரும் இருமவில்லை, நாற்காலியை இழுக்கவில்லை. அவ்வளவு அமைதி நல்லதுக்கா கெட்டதுக்கா என்று தெரியாமல் ஃபோர்மேன் ஆம்ப்ளிஃபயரின் கம்பிகளை மறுபடி மறுபடி எண்ணினார்.

மூன்றாவது பக்கத்தின் நடுவில், கண் போவதற்கு முன்பு லாரி ஓட்டியவர் கையைத் தூக்கினார். புகார் கொடுப்பதில் அவர்தான் முதல் ஆள்.

"அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க. இது அதே புத்தகந்தானா?"

அதே புத்தகம்தான் என்றார் அக்கா.

"இப்ப அவனை என்னன்னு சொன்னீங்க?"

"சமையல்காரன்."

கூடத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. லாரிக்காரர் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டார். "பதினாலு வாரமா நாங்க அவனை மையல்காரன்னு நெனச்சுட்டிருந்தோம். அந்த வீட்டம்மாகிட்ட அவன் எதுக்குத் தெனம் வர்றான்னு மண்டைய ஒடச்சுக்கிட்டோம். இவரு," என்று பக்கத்து நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார், "அவனைச் சபிச்சுச் சபிச்சுச் சோறுகூட சரியாத் திங்கல."

பக்கத்து நாற்காலிக்காரர், பாவம்பா அந்தச் சமையல்காரன் என்று முணுமுணுத்தார். அதன் பிறகு யார் பேசினார்கள் என்று சொல்ல முடியாது, எல்லோரும் பேசினார்கள். மொட்டை மாடியில் சித்தி கையில் இருந்தது சாவியா ஆவியா என்று ஒருவர் கேட்டார். அப்போ அந்தச் சித்தி பேய் இல்லையா என்று ஒரு பெண்மணி கேட்டார். செயலாளர் எழுந்து, எல்லாவற்றையும் காதுமாட்டியில் கணினி தெளிவாகவே வாசிக்கும் என்று நினைவூட்டினார்.

"வாசிக்கட்டும் சார், அடுத்த புத்தகத்தை வாசிக்கட்டும்," என்றார் லாரிக்காரர். "இந்தக் கதையை இவங்கதான் எங்களுக்குத் தப்பாச் சொன்னாங்க. இவங்களேதான் சரியாவும் சொல்லணும். மொதல்லேருந்து."

எத்தனை பக்கம் என்று செயலாளர் கேட்டார். அறுநூற்றுப் பன்னிரண்டு என்று அக்கா சொன்ன விதத்தில், அது பக்கக் கணக்கு போல இல்லை, அடுத்த ஊருக்குப் பேருந்து வந்துவிட்டது போல இருந்தது. செயலாளர் வாரத்துக்குப் பதினைந்து பக்கம் என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்து, அது ஒரு வருடத்தை நெருங்குவதைக் கண்டு வாயைத் திறந்தார். இருபத்தைந்து முகங்களும் அவர் பக்கம் திரும்பின. வாயை மூடிக்கொண்டார்.

அக்கா முதல் பக்கத்துக்குப் புரட்டினார். தாள் புரளும் ஓசை கடைசி வரிசை வரை போயிற்று. செயலாளர் அட்டைப் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு காலி நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அவரும்தான் பதினான்கு வாரமாக அந்த மையல்காரனை நம்பிக்கொண்டிருந்தார்.