உள்ளே வைத்து அனுப்பு

மயக்க மருந்து அலமாரியின் பூட்டைக் கழற்றி, அதன் துவாரத்தில் வாயை வைத்து நதியா ஊதிக்கொண்டிருந்தபோது அபிதா வந்து நின்றாள்.

“அக்கா, டாக்டர் கூப்புடுறாக.”

ஐசியூ நர்ஸ் இரண்டு மாடி இறங்கி மருந்தகத்துக்கு வந்து கூப்பிடுகிறாள் என்றால் அது போனில் சொல்லக்கூடிய சேதி இல்லை. நதியாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

“இத மாட்டிட்டு வர்றேன்.”

“அக்கா, அப்பாவுக்கு...”

“தெரியுது அபிதா. இத இப்படித் தொறந்துபோட்டுட்டு வர முடியாது. மாட்டிட்டு வர்றேன்.”

ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டது. குனிந்து எடுத்து மாட்டி, சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்து, அலமாரியின் கைப்பிடியை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

தேனியில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பூட்டுகள், கார்டு வைத்தால் திறக்கும் கதவுகள், கேமராக்கள் எல்லாம் அவள் பொறுப்பு. எந்தப் பூட்டைத் தொட்டாலும் முதலில் துவாரத்தில் ஊதுவாள். பாதிக் கோளாறு தூசியில்தான் இருக்கும். அப்பா அழகுமலைக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். “வீட்ல அடுப்பு ஊத மாட்டா, ஆஸ்பத்திரியில பூட்டு ஊதுறா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

மனிதர்கள் இருக்கும் அறைக்கதவு, கரண்டு போனால் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். தீப்பிடித்தால் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. மருந்து அலமாரி, கரண்டு போனாலும் பூட்டியே இருக்க வேண்டும். இதை ஒருநாள் அவருக்கு விளக்கினாள். “தானாத் தொறந்துக்கிற பூட்டுக்குச் சம்பளம் குடுத்து ஒரு ஆளா?” என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது ஐசியூ கதவில் கார்டை வைத்தபோது அந்தக் குரல் காதில் கேட்டது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “இனி நாங்க செய்யறதுக்கு எதுவும் இல்லம்மா. மெஷின்தான் மூச்சு விடுது. வீட்டுக்குக் கொண்டுபோறதா இருந்தா இப்பவே கெளம்பணும். வழியிலயே எதுவும் ஆகலாம்.”

“கொண்டுபோறேன் சார்.”

“அல்லிநகரம் தானே?”

“இல்ல சார். கடமலைக்குண்டு.”

டாக்டர் அவளை ஒருமுறை பார்த்தார். அல்லிநகரம் கூப்பிடு தூரம். அங்கே அவள் குடியிருப்பது வாடகை வீடு. கடமலைக்குண்டில் இருப்பது அப்பா இலவங்காய் உலுக்கி, பஞ்சு அடைத்து, மெத்தை விற்றுக் கட்டிய வீடு. அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தபோது, வெளியில் உயிர் போனவளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று பெரியப்பா சுந்தரலிங்கம் சொல்லிவிட்டார். ஊர் வழக்கம் அது. அம்மா தெருவில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தாள். மழை பிடித்துக்கொண்டது. அவள் கூட்டிப் பெருக்கிய வீடு நாலடி தூரத்தில் திறந்து கிடக்க, அப்பா பொழுது சாயும்வரை அவள் முகத்துக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவர் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஆத்தா, என்னைய உள்ள வச்சு அனுப்பு.”

சரி என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்துதான் தீர வேண்டும்.

திருப்பூரில் இருந்த அண்ணன் விஜயகுமார் போனை எடுத்ததும் அழுதான். பிறகு சொன்னான்: “நான் வந்துசேர மத்தியானம் ஆகிரும்மா. அதுவரைக்கும் மெஷின்லயே வச்சிரு. வீட்டுச் சாவி எங்கிட்டல்ல இருக்கு?”

“சாவி வேணாம்ணே.”

“சாவி இல்லாம எப்படி?”

“நான் என்ன வேலை பாக்குறேன்?”

இன்னொரு சாவி அப்பாவிடம் இருந்தது. அவளோடு வந்து தங்கிய பிறகும் பஸ் ஏறிக் கடமலைக்குண்டுக்குப் போய்விடுவார். வீட்டைத் திறந்து கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு வருவார். ஒருநாள் அங்கேயே மயங்கி விழுந்து கிடந்தார். சாவியைக் கேட்டாள். “தொலஞ்சுபோச்சு ஆத்தா” என்றார். பொய் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. சட்டைப்பை, டிரங்குப்பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால் என்று தேடாத இடமில்லை. ஆஸ்பத்திரிப் பூட்டையெல்லாம் திறக்கிறவளுக்கு ஒரு கிழவர் ஒளித்த சாவி கிடைக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அவளுக்கு இருந்தது.

டிரைவர் ஸ்டான்லி ஆம்புலன்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினான். மெஷினைக் கழற்றிவிட்டு, அப்பாவின் வாயில் இருந்த குழாயில் காற்றுப்பையை மாட்டினார்கள். கையால் அமுக்க அமுக்க நெஞ்சு ஏறி இறங்கும். அபிதா கூடவே ஏறிக்கொண்டாள். அப்பாவின் தலைக்கு அடியில் அவருடைய பழைய இலவம்பஞ்சுத் தலையணை. ஆஸ்பத்திரித் தலையணையில் ரப்பர் நாற்றம் என்று சேர்க்கும்போதே அடம்பிடித்து வாங்கி வைத்துக்கொண்டது. அபிதாதான் மேலே ஓர் உறையைப் போட்டு அனுமதித்திருந்தாள். நதியா தன் கருவிப்பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டமனூர் விலக்கில் வண்டி தெற்கே திரும்பியது. நதியாவும் அபிதாவும் மாறி மாறிக் காற்றுப்பையை அமுக்கினார்கள். ஜன்னலில் தென்னந்தோப்பும் முருங்கைக்காடும் ஓடின. நதியா எதையும் பார்க்கவில்லை. அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்டமனூரைத் தாண்டியதும் அபிதா ஒரு கையால் பையை அமுக்கியபடியே அப்பாவின் கழுத்தில் விரலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அப்புறம் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அக்கா.”

நதியா அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா, போதும்க்கா.”

“வீடு வரல.”

“எனக்கு மனசு கேக்கல. இதுக்கு மேல...”

“அபிதா, எங்கம்மாவத் தெருவுல போட்டாக. இவுகளப் போட விடமாட்டேன். ஒன்னால முடியலன்னா எங்கிட்டக் குடு.”

அபிதா கையை எடுத்துக்கொண்டாள். நதியா அமுக்கினாள். ஸ்டான்லி கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தான், சைரனை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அபிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குடுங்கக்கா. அங்கன போயி நீங்க பூட்டத் தொறக்கணும்ல, கை வலிச்சா எப்படி?” என்று பையை வாங்கிக்கொண்டாள். நதியாவுக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. அதற்கு இது நேரமில்லை.

வீட்டு வாசலில் ஊர் கூடியிருந்தது. அண்ணன் போன் பண்ணியிருக்க வேண்டும். தெருவில் இரண்டு கம்பு ஊன்றித் தார்ப்பாயும் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போனாள்.

பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டது. முன்கதவில் இருப்பது அவளே வாங்கி வந்து பதித்த பூட்டு. “எந்தக் கள்ளனும் தொறக்க முடியாததா ஒண்ணு போடு” என்று அப்பா கேட்டார், அப்படியே போட்டாள். கம்பி விட்டுத் திறக்க முடியாத வகை. டிரில்லால் துளைத்துத்தான் ஆக வேண்டும்.

வழக்கம்போலத் துவாரத்தில் ஊதினாள். உடைக்கப்போகிற பூட்டை எதற்கு ஊதுகிறோம் என்று அவளுக்கே தோன்றியது. டிரில்லை வைத்து அழுத்தினாள். பித்தளைத் துருவல் மஞ்சளாகக் கொட்டியது.

“உசுரு இருக்கா?” பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது.

“மூச்சு குடுத்துக்கிட்டு இருக்கோம் பெரியவரே” என்றான் ஸ்டான்லி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

சுந்தரலிங்கம் ஆம்புலன்ஸில் ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் தன் கைத்தடியை ஓரமாகச் சாத்திவிட்டு, தம்பியின் பாதத்தின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அபிதா தலை குனிந்தபடி அமுக்கிக்கொண்டே இருந்தாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. நதியாவின் கையில் டிரில் நின்றுவிட்டது.

அந்தப் பாதம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கண்டமனூரிலேயே தொட்டுப் பார்த்திருந்தாள்.

பெரியப்பா அங்கிருந்தே அவளைப் பார்த்தார். அப்புறம் தார்ப்பாய் கட்டுகிறவர்களைப் பார்த்தார்.

“ஏன்டி நிப்பாட்டுன?” என்று கத்தினார். “சீக்கிரம் தொற. எந்தம்பி எம்புட்டு நேரம் வெளியவே காத்துக் கெடப்பான்? ஏலே, அந்தத் தார்ப்பாய அவுத்து எறிங்கடா. மலையம்மா, பாலக் காச்சு!”

டிரில் மறுபடி சுற்றியது. உள்ளே எதுவோ முறிந்தது. திருப்புளியை விட்டுத் திருகினாள். கதவு திறந்துகொண்டது, அடைத்துக் கிடந்த வீட்டின் பஞ்சு வாசனை முகத்தில் அடித்தது.

நடுவீட்டில் மெத்தையை விரித்து, தெற்கே தலைவைத்துப் படுக்க வைத்தார்கள். தலையணை கூடவே வந்தது. அத்தை மலையம்மாள் நெற்றியில் திருநீறு பூசினாள். வாய்க்குழாயை அபிதா மெதுவாக உருவினாள். நதியா பாலை ஊற்றினாள். அது கடைவாய் வழியே வழிந்து தலையணையில் இறங்கியது. பெரியப்பா குனிந்து தம்பியின் மூக்கருகே புறங்கையை வைத்தார்.

“இப்பத்தேன் போச்சு” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “வீட்டுக்குள்ள வந்துதேன் போச்சு.” அதைச் சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. மலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். அதன் பிறகுதான் நதியா அழுதாள்.

மத்தியானம் விஜயகுமார் வந்தான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்துவிட்டு, வெளியே வரும்போது கதவில் இருந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்த சாவியை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உள்ளேயே போட்டுக்கொண்டான்.

வெயில் தாழப் பாடைத் தேரைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து வீட்டைக் கழுவினார்கள். மலையம்மாள் மெத்தையையும் தலையணையையும் எரிப்பதற்காகச் சுருட்டி வெளியே எடுத்தாள்.

“என்னடி இது, தலகாணிக்குள்ள கல்லு மாதிரிக் கெடக்கு?”

நதியா வாங்கி அமுக்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குத் தையல் மாறியிருந்தது. மெத்தைக்காரரின் கை, நெருக்கமான தையல். திருப்புளியின் முனையால் பிரித்தாள். பஞ்சுக்குள் விரலை விட்டாள். சாவி வந்தது.

அவள் தேடிய இரண்டு வருஷமும் இதன் மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறார். ஐசியூவிலும் ஆம்புலன்ஸிலும் இது கூடவே வந்திருக்கிறது. அவள் பூட்டைத் துளைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் தலைக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. “திருட்டு மனுசன்” என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“பூட்டே போயிருச்சு, இனி அது எதுக்குடி? அதையும் சேத்து எரிச்சுருவமா?”

“வேணாம் அத்தை.”

ஈரத் தரையில் உட்கார்ந்து கருவிப்பையைத் திறந்தாள். அதே கம்பெனிப் பூட்டின், சாவி நுழைந்து சுற்றுகிற புது உருளை ஒன்று கையிருப்பில் இருந்தது. அதற்குள் இருந்த பின்களை, அந்தச் சின்னப் பித்தளைக் குச்சிகளை, முழுக்கத் தட்டிக் கொட்டினாள். அப்பாவின் சாவியை உள்ளே நுழைத்து, அதன் பல் ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்துக்கும் பொருந்துகிற பின்னாகத் தேடித் தேடிப் போட்டாள். பூட்டுக்குச் சாவி செய்வதுதான் அவள் வழக்கம். இது தலைகீழ் வேலை. மலையம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, விளக்கேற்றப் போனாள்.

உருளையைக் கதவில் பொருத்தி, சாவியைப் போட்டுத் திருகினாள். முரண்டு பிடிக்காமல் சுற்றியது. திறந்தாள். சாவியை வெளியே இழுத்தபோது அதன் பல்லில் ஒட்டியிருந்த இலவம்பஞ்சு ஓர் இழை உருவிக்கொண்டு, துவாரத்தின் வாயிலேயே நின்றது. தெருமுனையில் ஆண்கள் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள்.

ஊதுவதற்காகக் குனிந்தாள். பிறகு அந்த இழையை ஊதாமல் வாயை மூடிக்கொண்டு, கதவை அகலத் திறந்து வைத்தாள்.