கையெழுத்துப் போட்டவர் படியில் இறங்கினார்

1

இந்தக் கதை ஒரு கோள்மூட்டலில் பிறந்தது. மூட்டியவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க வேண்டாம்.

நான் இருப்பது ஆறாவது மாடி. வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்க மாதம் ஒருமுறை ஒருவர் வருவார். எண்ணெய் போடுவார், கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார், உள்ளே ஒட்டியிருக்கும் அட்டையில் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரிக்கு எதிரே கையெழுத்துப் போடுவார். போன மாதம் அப்படிப் போட்டுவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஆறு மாடியையும் படிவழியே இறங்கிப் போனார். கையில் கனமான இரும்புப் பெட்டி வேறு.

சமைத்தவரே சாப்பிட மறுத்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது.

2

முதல் வரிக்கு நான் முயன்றவை:

‘லிஃப்ட்காரர் எதையோ மறைக்கிறார் என்பது அவர் முகத்திலேயே…’ (முகத்தை எங்கே பார்த்தேன்? முதுகுதான் தெரிந்தது.)

‘அந்தக் கம்பிக் கயிறு இன்னும் எத்தனை நாள்…’ (கயிற்றை நான் கண்ணால் கண்டதே இல்லை.)

கதை நகரவில்லை, வாய் நகர்ந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? சாயங்காலத்துக்குள் கட்டடமே படியேறி மூச்சுவாங்கியது. செயலாளர் புகார்ப் படிவம் கொண்டுவந்தார். யார் பார்த்தாரோ அவர்தான் கையெழுத்துப் போடவேண்டுமாம். போட்டேன்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து அரைநாள் சோதித்தார்கள். லிஃப்டில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் குறை ஆளிடம்தான் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

3

இந்த இடத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது என்று எழுதினால் நன்றாயிருக்கும். வந்தது இன்னும் கொஞ்சம் சந்தேகம்தான். மூன்று வாரம் கழித்து, விட்டுப்போன ஸ்பேனரை எடுக்க அவர் வந்தபோது ஐந்தாம் மாடித் திருப்பத்தில் மறித்துக்கொண்டேன். கதைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நானே ஒன்று தயார்செய்தும் வைத்திருந்தேன்: கூட வேலை செய்த நண்பர் லிஃப்ட் குழியில் விழுந்து… அப்படித்தானே என்று கேட்டேன்.

“யாரும் விழலக்கா. ஒண்ணுமே நடக்கல. அதான் எனக்கே புரியல.”

ஏழு மாதத்துக்கு முன்பு, மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவே லிஃப்டுக்குள், நெஞ்சு படபடத்துக் கை வியர்த்து, உயிர் போகப்போகிறது என்றே நினைத்தாராம். ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, குண்டுக்கல் மாதிரி இருக்கிறீர்கள், இது மனப்பதற்றம், ஆலோசகரைப் பாருங்கள் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று அந்தச் சீட்டை மடித்துவைத்துவிட்டு, படியில் இறங்க ஆரம்பித்திருக்கிறார். லிஃப்டின் கூரைமேல் நின்று, சுற்றிலும் திறந்து கிடக்கும் குழியில் வேலை செய்ய அவருக்குப் பயமே கிடையாது. உள்ளே நின்று கதவு சாத்தினால்தான் போச்சு.

(நம்பும்படி இல்லை. நானே எழுதியிருந்தால் இதை வெட்டியிருப்பேன்.)

4

வேலை போகிற நிலை வந்ததும் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு ஆலோசகரிடம் போயிருக்கிறார். மூன்று முறை போயாயிற்றாம்.

ஆலோசகரை நான் வில்லியாக்கப் பார்த்தேன். ‘அந்த அம்மாள் நோட்டில் எழுதியதையெல்லாம் மாலையில் கம்பெனி மேலாளருக்கு…’ இதற்கு மேல் போகவில்லை. ஏனென்றால் லிஃப்ட்காரருக்கும் அதே சந்தேகம் வந்து, நேராகவே கேட்டுவிட்டாராம். அந்த அம்மாள் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்திருக்கிறார். அதில் அவர் சொன்னதுதான் இருந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, நீங்கள் சம்மதிக்காமல் இது வெளியே போகாது என்றாராம். முதல் வாரம் திறந்த லிஃப்டுக்குள் சும்மா நிற்கச் சொன்னார். அடுத்த வாரம் ஒரு மாடி. அப்புறம் இரண்டு.

தைரியமா இருங்க என்று நானே சொல்லியிருப்பேனே, இதற்கு ஒரு ஆலோசகரா என்றேன்.

“வீட்டுல ஏழு மாசமா அதைத்தான்க்கா சொன்னாங்க” என்றார்.

இதையெல்லாம் கணவரிடம் சொல்லி, ஆள் கதை விடுகிறார் என்று முடித்தேன். அவர் சட்டைக்குப் பித்தான் போட்டபடியே சொன்னார்: “இந்த வீட்டுல நீ சந்தேகப்படாத ஒரே ஆள் நீதான்.”

(கேஸ் அடுப்பை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பது ஜாக்கிரதை. ஃபோன் அடித்தாலே யாருக்கு என்னவோ என்று வயிறு கலங்குவது பாசம். ஒரு மாதமாக நான் தெருவுக்கு இறங்காதது, கதை எழுதிக்கொண்டிருப்பதால்.)

5

இன்று காலை அழைப்பு மணி அடித்தது. லிஃப்ட்காரர், கையில் என் புகார்ப் படிவத்துடன். கம்பெனியில் ஒரு விதி உண்டு: புகார் கொடுத்தவர், பராமரித்தவரோடு லிஃப்டில் மேலிருந்து கீழே போய், உள்ளே வைத்தே ‘சரியாக உள்ளது’ என்று கையெழுத்துப் போட்டால்தான் புகார் தீரும். இன்றைக்குள் தீராவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள்.

வாசலிலேயே போட்டுத் தருகிறேனே என்றேன்.

“போகாமப் போடக்கூடாதுக்கா.”

அவர் உள்ளே போய்க் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே. நெஞ்சு படபடத்தது, கை வியர்த்தது. மூன்றாம் பகுதியில் வெட்டியிருப்பேன் என்றேனே, அதே வியர்வை. அவர் என் கையைப் பார்த்தார்.

“உங்களுக்குமாக்கா?”

காபி அதிகமாகிவிட்டது என்றேன்.

“எனக்கு இப்பவும் அடிச்சிட்டுத்தான் இருக்கு. நிக்கட்டும்னு காத்திருந்தா நிக்காதாம். அடிக்கும்போதே ஏறலாம்னு அந்தம்மா சொல்றாங்க.” சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். ஆலோசகரின் எண். “இதுக்கும் இன்னைக்கு ஏறுறதுக்கும் சம்பந்தமில்ல. சும்மா வச்சுக்குங்க.”

எனக்கு அழுகை வந்தது. அவரைப் பற்றி நான் சொன்னது, சொன்ன இடம், சொன்ன தொனி எல்லாம் ஞாபகம் வந்தது.

6

முடிவு ஒன்று: ஏறுகிறேன், கீழே போகிறோம், வெயில். (நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும்.)

முடிவு இரண்டு: அவர் கையிலிருந்து படிவத்தைப் பிடுங்கி, வெளியே நின்றே கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியில்… (எதற்காக அவர்மேல் புகார் கொடுத்தேனோ அதையே.)

முடிவு மூன்று: தலைவலி என்று சொல்லிக் கதவைச் சாத்தி…

முடிவை வாசகரிடம் விடுவது எங்கள் தொழிலில் பழைய தந்திரம். இந்தத் தடவை பயத்தினால் விடுகிறேன். ஆனால் உங்கள்மேலும் எனக்குச் சந்தேகம்தான். அடிப்பது உங்கள் நெஞ்சு இல்லை என்பதால் சட்டென்று ஏறச் சொல்லிவிடுவீர்கள். உங்கள் நெஞ்சும் அடிக்குமென்றால், அந்தச் சீட்டிலிருக்கும் எண்ணை உங்களுக்கும் தருகிறேன்.

எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்கள். நான் அடுத்த வரி எழுதும்வரை அவர் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். கை வலிக்கும்.