கிழிபடாத டிக்கெட்

விளக்கு அணைந்ததுமே ஷர்மினிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடிக்காதா பின்னே! காப்பர் மங்கூஸ் ராக் பேண்ட் போன வருஷம் கோலாலம்பூரை ஆட்டிவைத்த கச்சேரி, இன்று ஜார்ஜ் டவுன் தியேட்டரில் படமாக ஓடுகிறது. ஒரே ஒரு காட்சி. அந்தக் கச்சேரிக்கே டிக்கெட் எடுத்தவள்தான் அவள். கிளம்புகிற அன்றைக்கென்று பார்த்து ஜுருவில் அவள் வேலை பார்க்கிற ஃபேக்டரியில் மெஷின் படுத்துக்கொண்டது. சூப்பர்வைசர் அம்மாவான இவளுக்கு லீவு ரத்து. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வாசலில் கிழித்துத் தரவேண்டிய ஓரம்கூடக் கிழிபடாமல் அந்த டிக்கெட் இன்னும் கைப்பைக்குள் கிடந்தது. இன்றைக்காவது கூட்டத்தோடு கூட்டமாகத் தொண்டை கிழியக் கத்திவிட வேண்டும். அது ஒன்றுதான் அவள் ஆசை.

பக்கத்தில் புருஷன் சிவநேசன். ராக்கெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? தெரிந்ததெல்லாம் தமிழ்ப்படம், முதல் நாள், முதல் காட்சி. சட்டைக்குள்ளிருந்து உப்பலாக ஒரு பையை எடுத்தார்.

“என்னங்க அது?”

“பேப்பர். நேத்தே உட்கார்ந்து கிழிச்சிட்டேன். உன் ஆளுங்க வந்ததும் தூவணும்ல?”

“ஐயோ, மாலு லா, வெட்கமா இருக்கு! இது அந்த மாதிரிப் படம் இல்ல. மானத்த வாங்காதீங்க!”

பாவம், மனுஷன் முகம் தொங்கிப்போய்ப் பையைக் காலடியில் வைத்தார்.

திரையில் கிட்டார் உறுமியது. தரையே அதிர்ந்தது. ஷர்மினி திரும்பிப் பார்த்தாள். அடப்பாவிகளா! அரங்கு நிறைய ஆள், ஆனால் கிளினிக்கில் நம்பர் வாங்கி உட்கார்ந்த மாதிரி எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். யாராவது ஆரம்பிக்கட்டும் என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்ததோடு சரி. ஒரு பாட்டு போனது, இரண்டாவதும் போனது. கத்தல் தொண்டையிலேயே நின்றது. இப்படியே முடிந்துவிடுமோ? அவளுக்கு அழுகை முட்டியது. வீட்டு சோபாவில் இதைவிட நன்றாகப் பார்த்திருக்கலாமே!

மூன்றாவது பாட்டுக்கு டிரம்மர் குச்சியைத் தூக்கினான். மானமாவது மண்ணாங்கட்டியாவது! குனிந்து பையிலிருந்து ஒரு கை அள்ளி, எழுந்து நின்று வீசினாள். கூடவே ஒரு கத்தல். அதற்காகவே காத்திருந்தவர்போல் சிவநேசன் வாயில் விரலை விட்டு ஒரு விசில் அடித்தார் பாருங்கள், சுவரே திரும்பிப் பார்த்திருக்கும். பின்வரிசையில் யாரோ கூவினார்கள். முன்வரிசையில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி கையை நீட்டி, “அக்கா, எனக்கும்!” என்றாள். பை கைமாறிக் கைமாறிப் போனது. அப்புறம் யார் உட்கார்ந்தார்கள்? சீனப் பையன்கள் படியிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசிப் பாட்டு வந்தது. அவளுடைய பாட்டு! திரும்பி வந்த பைக்குள் கையை விட்டாள். காலி. திரையில் பாடகன் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டான். ஷர்மினி கைப்பையைத் திறந்தாள்.

சிவநேசன் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். “ஏய், உன் டிக்கெட் ஆச்சே! ஒரு வருஷமா பத்திரமா வெச்சிருக்க!”

“உள்ள வரும்போது கிழிக்கணும்ல? இப்பதாங்க உள்ள வந்திருக்கேன்!” என்று கத்தியபடியே, அதைச் சுக்குநூறாகக் கிழித்து மேலே எறிந்தாள்.